வால்வில் இல்லாத கோளாறு: ஒரு 1974 ட்வின் ரிவெர்ப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையில் பல வருடங்களாக மேடை ஏறிவரும் ஒரு மெல்லிசைக் குழு. எட்டுப் பேர். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று மாதத்துக்கு ஆறேழு கச்சேரி. அந்தக் குழுவின் கிட்டார்காரர் வைத்திருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு நடந்ததையும், அதனால் அவருக்கு நடக்கவிருந்ததையும் இங்கே பதிவு செய்கிறேன். நான் வாத்தியக் கருவிகளும் ஆம்ப்ளிஃபயர்களும் சர்வீஸ் செய்பவன். இந்த நிகழ்வில் என் தவறும் உண்டு, அதையும் சேர்த்தே எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதம் பெற்றுப் பெயர்களை மட்டும் விட்டிருக்கிறேன்.

ஆம்ப்ளிஃபயர், அமெரிக்க ஃபெண்டர் நிறுவனத்தின் ட்வின் ரிவெர்ப். கிட்டார்காரரின் பெரியப்பா அமெரிக்காவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுத் திரும்பியபோது வீட்டுச் சாமான்களோடு கப்பலில் வந்தது. 1965-ல் சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை வாங்கியது. அதற்குச் சில வருடங்கள் கழித்து, கறுப்பாக இருந்த முன்தகடு வெள்ளி நிறத்துக்கு மாறியது. இது அந்த வெள்ளி முன்தகடு வகை. டிரான்ஸ்ஃபார்மரில் 606 என்று தொடங்கும் எண் இருந்தது. 606 என்றால் ஷூமேக்கர் என்ற தயாரிப்பாளர். அடுத்த இலக்கம் வருடத்தின் கடைசி எண், அதற்கடுத்த இரண்டும் வாரம். வருட இலக்கம் 4. அது 1964-ஆ 1974-ஆ என்ற கேள்விக்கு முன்பக்கம் இருந்த மாஸ்டர் வால்யூம் குமிழே பதில் சொன்னது. அந்தக் குமிழ் எழுபதுகளில்தான் வந்தது.

உள்ளே நான்கு 6எல்6ஜிசி பவர் வால்வு, ஆறு சிறிய வால்வு, இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர். வால்வு என்பது சத்தத்தைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய். ஏறக்குறைய 30 கிலோ. இளையவர்கள் ட்யூப் என்கிறார்கள், வால்வு ரேடியோ பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது வால்வுதான். எழுபதுகளின் பாட்டுகளில் வரும் ட்ரெமோலோ கிட்டாரை, அதாவது சத்தம் ஏறி இறங்கித் துடிக்கும் கிட்டாரை, இதில் வாசித்துக் கேட்டால், இந்த எடையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஏன் போகிறார் என்பது புரிந்துவிடும்.

இதெல்லாம் அமெரிக்காவின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்தவை. நம் ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதனால் கிட்டார்காரர் கடையில் வோல்டேஜைக் குறைக்கும் ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மூன்று வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தார். மேலே 500 வாட்ஸ் என்று எழுதியிருந்தது. விபத்து நடக்கும்வரை அந்த ஸ்டெப்டவுனை நான் பார்த்ததே இல்லை.

முதல் அறிகுறிகள்

சித்திரை மாதம் மூன்று புகார்கள் வந்தன. ஆன் செய்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் சத்தம் தளர்ந்து போகிறது. வாசிக்காமல் இருக்கும்போது ஹம் என்ற இரைச்சல் பெரிதாகக் கேட்கிறது. பெட்டியிலிருந்தே கிர்ர் என்று ஓர் அதிர்வு வருகிறது.

ஒத்திகை முடிந்து டீக்கடையில் நின்றபோது எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். பாஸ் கிட்டார்காரர், "வால்வு போயிடுச்சு, நாலையும் மாத்து" என்றார். கீபோர்டு வாசிப்பவர், அவர்தான் குழுத் தலைவர், எதிரொலி கொடுக்கும் ரிவெர்ப் ஸ்ப்ரிங் கட்டாகியிருக்கும் என்றார். சவுண்ட் சர்வீஸ்காரர், இந்தக் காலத்தில் இது எதற்கு, கிட்டாரை நேரே மிக்ஸரில் கொடுத்துவிடலாமே என்றார். பழைய சாமான் என்றால் கோளாறு அதற்குள்ளேதான் இருக்கும் என்று அங்கே இருந்த அத்தனை பேரும் நம்பினோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வைகாசியில் கிட்டார்காரர் புதிதாக நான்கு 6எல்6ஜிசி வெளிநாட்டிலிருந்து வரவழைத்து என்னிடம் கொண்டுவந்தார். மேடைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மாற்றிக் கொடுத்தேன். வால்வில் ஓடும் கரன்டை அடக்கி வைக்கும் பயாஸ் வோல்டேஜை அளந்து பார்க்காமல், பழைய வால்வு இருந்த இடத்தில் புதியதைச் செருகி, வாசித்துப் பார்த்து, சத்தம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டேன். பவர் வால்வு மாற்றினால் பயாஸ் பார்த்தே ஆக வேண்டும் என்பது எனக்குத் தெரியாதது அல்ல.

இரண்டு கச்சேரிக்குச் சரியாக இருந்தது. மூன்றாவதில் பழைய புகார் திரும்ப வந்தது. கூடவே ஒரு வால்வின் உள்தகடு இருட்டில் செக்கச்செவேல் என்று தெரிகிறது என்று போனில் சொன்னார். வால்வு கண்ணாடிக்குள் ஆரஞ்சு வெளிச்சம் வருவது ஹீட்டர், அது இயல்பு. தகடே சிவந்தால் அந்த வால்வு தாங்கும் அளவுக்கு மேல் கரன்ட் ஓடுகிறது என்று பொருள். ஓட்ட வேண்டாம், கொண்டுவாருங்கள் என்றேன். ஆடி மாதம், அடுத்தடுத்துக் கச்சேரி. அவரால் வர முடியவில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு செய்தியும் இருந்தது, ஆனால் யாரும் அதைக் கோளாறாகச் சொல்லவில்லை. கிட்டாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் பாடும்போது உதட்டில் சுருக்கென்று இருக்குமாம். ஒரு வருடமாகவே அப்படித்தான். அதற்கு மருந்தாக மைக்கின் மேல் ஸ்பாஞ்ச் மாட்டியிருந்தார்கள். டெஸ்டர் வைத்துப் பார்த்தால் லேசாகத்தான் எரிகிறது என்று விட்டுவிட்டார்கள்.

ஆடித் திருவிழா இரவு

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமம், அம்மன் கோயில் திருவிழா. சாயங்காலம் மழை பெய்து விட்டிருந்தது. மேடைக்கு அடியில் சேறு, மேலே விரித்த ஜமுக்காளமும் ஈரம். சவுண்ட் சர்வீஸ்காரர் வேலை தெரிந்தவர், மிக்ஸருக்கு எர்த் ராடு அடித்துத் தண்ணீர் ஊற்றித் தனி எர்த் கொடுத்திருந்தார். அவருடைய மைக்குகள் எல்லாம் அந்த எர்த்தில் இருந்தன. கிட்டார் ஆம்ப்ளிஃபயர் மட்டும் மேடைக்குப் பின்னால் இருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், ஸ்டெப்டவுன் வழியாக ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்பதரை மணி வாக்கில் ஸ்பாஞ்ச் நனைந்து கனத்துப் போனதால் கிட்டார்காரர் அதைக் கழற்றி வைத்தார். அடுத்த பாட்டின் கோரஸுக்கு வாயை மைக் அருகே கொண்டுபோனார். இடது கை கம்பிகளின் மேல் இருந்தது. உதடு மைக்கின் வலையில் பட்டதும் தலை பின்னால் தூக்கி எறியப்பட்டது போல் விழுந்தார். மைக் ஸ்டாண்டில் இருந்ததால் பிழைத்தார். வலது கையில் பிடித்திருந்தால் விட்டிருக்க முடியாது என்பதே என் கணிப்பு. ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன்.

டிரம்ஸ் வாசிப்பவர் அவரைத் தூக்க ஓடினார். சவுண்ட் சர்வீஸ்காரர் "தொடாதே" என்று கத்திவிட்டு, ஓடிப்போய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கினார். அதற்கப்புறம்தான் தூக்கினார்கள். அந்த இரவில் எடுத்த முடிவுகளில் இதுதான் முதன்மையானது, முழுக்க அவருடையது. உதடு வீங்கியிருந்தது, நினைவு இருந்தது. இருந்தும் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இசிஜி எடுத்தார்கள். ஷாக் அடித்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டாலே எல்லாம் சரி என்று விடக்கூடாது, இதயத் துடிப்பில் கோளாறு பிறகும் தெரியலாம். நல்லவேளை, ஒன்றும் இல்லை.

பிளக்கைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும் என்று மேடையில் ஒருவர் சொல்லியிருக்கிறார். குழுத் தலைவர் மறுத்துவிட்டார். மீதிக் கச்சேரியை இன்னொரு கிட்டார் கலைஞர் மிக்ஸரில் நேரே கொடுத்து வாசித்து முடித்தார்.

1972-ல் வேல்ஸின் ஸ்வான்சீ நகரில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையில் மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். கிட்டார் ஒரு பக்கம், மைக் ஒரு பக்கம், நடுவில் மனிதன் என்ற இதே அமைப்பை நாமும் மேடைதோறும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

மேசையில் பார்த்தது

மறுநாள் ஆம்ப்ளிஃபயரை மட்டுமல்ல, ஸ்டெப்டவுன், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பிளக், வயர் எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவரச் சொன்னேன். இதை வைகாசியிலேயே கேட்டிருக்க வேண்டும்.

ஸ்டெப்டவுனைத் திறந்ததும் பாதிக் கதை தெரிந்துவிட்டது. அது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். ஒரே சுருள், நடுவில் ஒரு டேப், அதாவது கிளை. உள்ளே வரும் கரன்டும் வெளியே போகும் கரன்டும் பிரிக்கப்படவில்லை. உள்ளே வரும் பிளக்கில் இரண்டே பின், எர்த் கிடையாது. வெளியே அமெரிக்க இரண்டு பின் சாக்கெட். ஆம்ப்ளிஃபயரின் மூன்று பின் பிளக் அதில் போகாததால், மூன்றை இரண்டாக்கும் ஓர் அடாப்டரை மாட்டியிருந்தார்கள். ஆக, ஆம்ப்ளிஃபயரின் சேஸிக்கு, அதாவது உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்துக்கு, எர்த் என்ற ஒன்று மூன்று வருடமாக இல்லை.

இரண்டாவது விஷயம் ஆம்ப்ளிஃபயருக்குள் இருந்தது. அந்தக் கால அமெரிக்க ஆம்ப்ளிஃபயர்களில் மின்கம்பி ஒன்றிலிருந்து சேஸிக்கு 0.047 மைக்ரோ ஃபாரட் கன்டென்சர் (மின்தேக்கி) ஒன்று போட்டிருப்பார்கள். ஹம் குறைவதற்காக. பின்பக்கம் உள்ள கிரவுண்ட் ஸ்விட்ச் அதை ஒரு கம்பியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும். மெக்கானிக்குகள் இதை மரணக் கன்டென்சர் என்றே அழைக்கிறார்கள், காரணத்தோடுதான்.

கணக்கு இதுதான். 50 ஹெர்ட்ஸில் 0.047 மைக்ரோ ஃபாரட் ஏறக்குறைய 68 கிலோ ஓம் தடை. இரண்டு பின் பிளக்கைத் திருப்பிப் போட்டால் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரின் பொது முனை, மின்சாரம் உள்ள பேஸ் கம்பி ஆகிவிடும். அப்போது எர்த்தைப் பொறுத்து அந்த முனையில் இருப்பது 120 வோல்ட் அல்ல, முழு 230. கன்டென்சர் நல்ல நிலையில் இருந்தாலே 3.4 மில்லி ஆம்பியர் வரும். 1 மில்லி ஆம்பியரிலேயே உடம்புக்குத் தெரியும். ஒரு வருடமாக இருந்த அந்தச் சுருக் இதுதான்.

நான் சேஸிக்கும் எர்த்துக்கும் நடுவே 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து அளந்தேன். அதன் குறுக்கே 13.5 வோல்ட், அதாவது 9 மில்லி ஆம்பியர். நல்ல கன்டென்சர் விடக்கூடியதைப் போல இரண்டரை மடங்கு. ஐம்பது வருடத்தில் அது உள்ளே கசிய ஆரம்பித்துவிட்டது. 10 மில்லி ஆம்பியர் வாக்கில் கைத்தசை இறுகிப் பிடித்ததை விட முடியாமல் போகும். மைக்கைக் கையில் பிடித்திருந்தால் என்று நான் சொன்னதற்குக் காரணம் இந்த எண்தான். டெஸ்டர் லேசாக எரிவதற்கும் ஆபத்துக்கும் சம்பந்தமே இல்லை. டெஸ்டருக்குள் பெரிய ரெசிஸ்டர் இருக்கிறது, எவ்வளவு கரன்ட் வரக்கூடும் என்பதை அது காட்டாது.

இனி வால்வு சிவந்ததற்கு வருவோம். குழுத் தலைவர் வீட்டு ஒத்திகை அறையில் இரவு பத்து மணிக்கு மேல் அளந்தபோது 252 வோல்ட் இருந்தது. பக்கத்துக் கடைகள் எல்லாம் மூடிய பிறகு லோடு குறைந்து ஏறிவிடுகிறது. அப்போது ஸ்டெப்டவுன் 120 அல்ல, 131 வோல்ட் கொடுத்தது. வால்வு ஹீட்டர்களில் 6.3-க்குப் பதில் 6.9. பிளேட்டில், அதாவது வால்வின் உள்தகட்டில், 460 இருக்க வேண்டிய இடத்தில் 500. உள்ளே இருந்த, ஹம்மை வடிகட்டும் ஃபில்டர் கன்டென்சர்களில் மூன்று, அதிகபட்சம் 500 வோல்ட் என்று எழுதியவை. அவற்றின் முனைகளில் உப்புப் பூத்தது போல் வெளியே கசிந்திருந்தது. ஹம் வந்த இடம் அது.

கிர்ர் அதிர்வுக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பில் ஏறும் காந்தப் பாய்வு, வோல்டேஜை ஹெர்ட்ஸால் வகுத்த அளவைப் பொறுத்தது. 60-க்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மரை 50-ல், அதுவும் 131 வோல்ட்டில் ஓட்டினால் இரும்பு தாங்க வேண்டியது 31 சதவீதம் கூடுதல். சூடாகும், அதிரும். ஸ்டெப்டவுன் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. பழைய அமெரிக்கச் சாமான் வைத்திருக்கும் பலருக்கு இது தெரிவதில்லை.

கடைசியாகப் பயாஸ். வால்வின் கரன்டை அடக்கி வைப்பது நெகட்டிவ் பயாஸ் வோல்டேஜ். -50 வாக்கில் இருக்க வேண்டியது -38 இருந்தது. பயாஸ் கன்டென்சர் காய்ந்து போயிருந்தது. சிவந்த வால்வில் 62 மில்லி ஆம்பியர் ஓடியது. 500 வோல்ட்டோடு பெருக்கினால் 31 வாட்ஸ். 6எல்6ஜிசி-யின் எல்லையே 30. எந்த வால்வைச் செருகியிருந்தாலும் இதே கதிதான். அந்த நான்கு புது வால்வுகளின் விலை, பிறகு நாங்கள் செய்த மொத்த வேலையின் சாமான் செலவைவிட அதிகம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வேலையை ஆரம்பிக்கும் முன் நீண்ட பேச்சு நடந்தது. கிட்டார்காரருக்கு ஒரே கவலை. "அண்ணே, ஒரிஜினல் பார்ட்ஸை எடுத்துட்டா மதிப்பு போயிடுமேண்ணே." அவர் கவலையை நான் மதிக்கிறேன். பழைய வாத்தியத்தில் கை வைக்கக் கூசுவது நல்ல குணம். ஆனால் எதைக் காப்பாற்றுகிறோம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர், டோன் பகுதியின் கன்டென்சர்கள், ரிவெர்ப், இவைதான் அந்தச் சத்தம். ஃபில்டர் கன்டென்சரும் பயாஸ் கன்டென்சரும் சைக்கிள் டயர் மாதிரி, தேய்வதற்கென்றே இருப்பவை. மரணக் கன்டென்சர் சத்தத்திலேயே சேராது. எடுத்ததையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டுக் கையில் கொடுக்கிறேன் என்றேன். ஒப்புக்கொண்டார்.

முதலில் மரணக் கன்டென்சரை எடுத்தேன், வேறு எதுவும் பதிலுக்குப் போடவில்லை. கிரவுண்ட் ஸ்விட்ச் இடத்தில் இருக்கிறது, எதோடும் சேர்க்கப்படவில்லை. புது மூன்று கம்பி வயரின் எர்த்தைச் சேஸியில் தனிப் போல்ட் போட்டு இறுக்கினேன்.

ஸ்டெப்டவுனைத் தூக்கிப் போட்டுவிட்டு, காயில் கட்டும் கடையில் சொல்லி 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) திறனில் புதிதாகச் செய்யச் சொன்னோம். உள்ளே, வெளியே இரண்டும் தனித்தனிச் சுருள். உள்ளே 230, 240, 250 என்று மூன்று டேப், ஊரின் வோல்டேஜைப் பார்த்து மாற்றிக்கொள்ள. இரண்டு பக்கமும் மூன்று பின், எர்த் அறுபடாமல் போகும். வெளிப்பக்கச் சுருளின் ஒரு முனையையும் எர்த்தோடு சேர்த்தோம். அப்போதுதான் உள்ளே பேஸ் சேஸியில் பட்டால் ஃப்யூஸ் போகும்.

வெளியே எத்தனை வோல்ட் என்பதில் யோசித்தோம். 120 வைத்தால் 50 ஹெர்ட்ஸில் இரும்பில் 20 சதவீதம் கூடுதல். 110 வைத்தால் 10 சதவீதம்தான். ஹீட்டர் 5.8-க்கு இறங்கும், வால்வுக்கு அனுமதிக்கப்பட்ட 10 சதவீத வரம்புக்குள்தான் இருக்கிறது. பவர் கொஞ்சம் குறையும், ஆனால் இந்த ஆம்ப்ளிஃபயரை யாரும் மேடையில் பாதிக்கு மேல் திருப்பியதில்லை. 110 என்று முடிவு செய்தோம்.

ஃபில்டர் கன்டென்சர் ஐந்தையும் பயாஸ் கன்டென்சரையும் மாற்றினேன். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் 450 வோல்ட் கன்டென்சர் எளிதாகக் கிடைத்தது. பிளேட் வோல்டேஜ் இனி 422-தானே, போதாதா என்று கிட்டார்காரர் கேட்டார். ஆன் செய்து வால்வு சூடாவதற்குள் லோடு இல்லாமல் வோல்டேஜ் மேலே போய் நிற்கும், அதைத் தாங்க வேண்டும். 500 வோல்ட் வரும்வரை பத்து நாள் காத்திருந்தோம்.

டோன் பகுதியைத் தொடவே இல்லை. ஒரு வால்விலிருந்து அடுத்ததற்குச் சத்தத்தை மட்டும் கடத்தும் கப்ளிங் கன்டென்சர்களில் டிசி (நேர் மின்சாரம்) கசிகிறதா என்று அளந்தேன், இல்லை. அப்படியே விட்டேன். சிவந்த வால்வையும் அதன் ஜோடியையும் ஒதுக்கி, பழைய செட்டிலிருந்து பொருந்திய இரண்டைப் போட்டேன்.

முதல் ஆன் 100 வாட் பல்பைச் சீரிஸில் போட்டு. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து காட்டிக்கொடுக்கும், ஆம்ப்ளிஃபயர் தப்பிக்கும். மங்கலாகி நின்றது. அப்புறம் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்ஸ்டாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். ஒவ்வொரு வால்வும் 35 மில்லி ஆம்பியரில் நிற்கும்படி பயாஸ் வைத்தேன், ஏறக்குறைய 15 வாட்ஸ். பழக்கமில்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டில் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 400 வோல்ட்டுக்கு மேல் அந்தக் கன்டென்சர்களில் தேங்கி நிற்கலாம்.

பிறகு நடந்தவை

ஆவணிக் கடைசியில் ஆம்ப்ளிஃபயர் மேடைக்குத் திரும்பியது. சேஸிக்கும் மிக்ஸர் எர்த்துக்கும் நடுவே அளந்தால் 1 வோல்ட் கூட இல்லை. கிர்ர் அதிர்வு போய்விட்டது. மூன்று மணி நேரக் கச்சேரியில் சத்தம் தளரவில்லை. கிட்டார்காரர் முதல் நாள் பத்து நிமிடம் எதுவும் பேசாமல் வாசித்துக்கொண்டே இருந்தார்.

குழு ஒரு பெட்டியும் வாங்கியது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரன்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானே மின்சாரத்தை நிறுத்தும் ஸ்விட்ச், பொருத்திய பவர் பாக்ஸ், மேடையில் இருக்கும் எல்லா வாத்தியமும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். இரண்டாவது ஊரிலேயே அது ட்ரிப் ஆனது. எல்லோரும் ஆம்ப்ளிஃபயரைத்தான் பார்த்தார்கள். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில், விழாக் குழுவினர் யாரோ அதே பெட்டியில் செருகியிருந்த சீரியல் செட் கசிந்துகொண்டிருந்தது. மழையில் நனைந்த பந்தல் கம்பத்தில் சுற்றியிருந்த செட் அது. அதன் பக்கத்தில் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜெனரேட்டரில் ஓடும் ஊர்களில் இந்தப் பெட்டியை மட்டும் நம்பக்கூடாது. ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த் ராடோடு சேர்க்கப்படாமல் இருந்தால், ஆளுக்கு ஷாக் அடித்தாலும் ஆர்சிசிபி ட்ரிப் ஆகாமல் போகலாம். சவுண்ட் சர்வீஸ்காரர் இப்போது சவுண்ட் செக்குக்கு முன்பு அதையும் சேர்த்துப் பார்க்கிறார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

என் பக்கத்தில் முதல் தவறு, வைகாசியில் பயாஸ் அளக்காதது. பத்து நிமிட வேலை. அன்று -38 என்று பார்த்திருந்தால் ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிக் கொடுத்திருக்க மாட்டேன், அது ஆடி மாத மேடைக்குப் போயே இருக்காது. இரண்டாவது, எதில் செருகி ஓட்டுகிறீர்கள் என்று கேட்காதது. இப்போது யார் ஆம்ப்ளிஃபயர் கொண்டுவந்தாலும் பிளக்கையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் சேர்த்துக் கொண்டுவந்தால்தான் வாங்கிக்கொள்கிறேன். மூன்றாவது, உதட்டில் சுருக் என்ற பேச்சை ஒத்திகையில் நானே இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். ஹம்மைக் கோளாறாக எடுத்துக்கொண்டேன், ஷாக்கை மேடை வழக்கமாக எடுத்துக்கொண்டேன்.

குழுவின் பக்கத்தில் மாறியது ஒன்று. யாருக்காவது மைக்கில் சுருக்கென்றால் அந்த இடத்திலேயே பாட்டை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்குவது என்று தீர்மானித்திருக்கிறார்கள். ஐப்பசியில் ஒரு கல்யாண வரவேற்பில் பாடகி ஒருவர் அப்படி நிறுத்தினார். மண்டபத்தின் சாக்கெட்டில் எர்த் கம்பியே மாட்டப்படாமல் இருந்தது.

இன்னும் ஒரு வேலை பாக்கி. இடது ஸ்பீக்கரின் காயில் லேசாக உரசுகிறது, கீழ் ஸ்வரங்களில் கேட்கும். கூம்பை மாற்றலாமா என்று கிட்டார்காரரிடம் கேட்டேன். இப்போதைக்கு வேண்டாம் அண்ணே, அது அப்படியே இருக்கட்டும் என்றார். அதனால் ஆபத்து எதுவும் இல்லை, விட்டுவிட்டேன்.